வீட்டைப் புதுப்பிக்கும்போது இன்டர்நெட் வயரிங்: மெஷ் வைஃபையா, கேட் 6 கேபிளா, வெறும் பைப் போதுமா?

பழைய வீட்டைப் புதுப்பிக்க இறங்கியவர்கள் டைல்ஸ் நிறத்துக்கு மாதக்கணக்கில் யோசிப்பார்கள். இன்டர்நெட் வயரைப் பற்றிய பேச்சு, எலக்ட்ரீஷியன் சுவரில் காடி வெட்டத் தொடங்கிய பிறகுதான் வரும். அப்போது ஆளுக்கொரு யோசனை. மகன் "மெஷ் வைஃபை வாங்கி மாட்டினா போதும்பா" என்பான். ஐ.டி.யில் இருக்கும் மச்சினர் "கேட் 6ஏ-க்குக் குறைஞ்சு எதையும் போடாதீங்க" என்பார் (கேட் 6, 6ஏ என்பவை நெட்வொர்க் கேபிளின் தர வகைகள்). எலக்ட்ரீஷியன், "சார், இப்ப எல்லாமே வைஃபைதானே, வயரு எதுக்கு? வேணும்னா கரண்ட் பைப்லயே சேத்து இழுத்து விட்டுடறேன்" என்பார்.

எலக்ட்ரீஷியன் கடைசியாகச் சொன்னதை மட்டும் அங்கேயே மறுத்துவிடுங்கள். 230 வோல்ட் வயரும் நெட்வொர்க் கேபிளும் ஒரே பைப்பில் போகவே கூடாது. என்றாவது ஒரு வயரின் மேலுறை உரிந்தால் மின்சாரம் நேராக லேன் போர்ட்டுக்கு, அதாவது நெட்வொர்க் கேபிள் செருகும் துளைக்கு, வந்து நிற்கும். மற்ற இருவர் சொல்வதும் தப்பில்லை. ஆனால் எந்த வீட்டுக்கு, எந்த நிலையில் என்று பார்க்க வேண்டும்.

நான் மனதில் வைத்து எழுதுவது தமிழ்நாட்டில் தெருவுக்குத் தெரு இருக்கும் வீடு: கீழ்த்தளம், மேலே ஒரு மாடி, ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், கான்கிரீட் தளம், கம்பத்திலிருந்து வரும் ஃபைபர் இணைப்பு, ஒரு இன்வெர்ட்டர். அடுக்குமாடி ஃபிளாட்டுக்கும் ஓட்டு வீட்டுக்கும் கணக்கு கொஞ்சம் மாறும். அதைப் பின்னால் பார்ப்போம்.

## எதை வைத்து முடிவெடுப்பது

முதல் கேள்வி வேகம் அல்ல. "இப்போது செய்யாவிட்டால் பிறகு செய்ய முடியுமா?" என்பதுதான். ரவுட்டரை அடுத்த வருடம் மாற்றலாம், நெட்வொர்க் ஸ்விட்சை (ஒரு இணைப்பைப் பல கேபிள்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) மாற்றலாம், இணைப்பு கொடுக்கும் கம்பெனியையே மாற்றலாம். பூச்சு முடிந்து, பட்டி பார்த்து, பெயிண்ட் அடித்த சுவரை மறுபடி வெட்ட வீட்டில் ஒருவரும் சம்மதிக்க மாட்டார்கள். ஆகவே சுவர் திறந்திருக்கும் இந்தச் சில நாட்களில் எடுக்க வேண்டிய முடிவு எது, தள்ளிப்போடக்கூடிய முடிவு எது என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். பாதிக் குழப்பம் அதிலேயே தீர்ந்துவிடும்.

இரண்டாவது, உண்மையில் எங்கே என்ன தேவை. 4கே படம் பார்க்க நெட்ஃபிளிக்ஸ் கேட்பது 15 எம்பிபிஎஸ்தான். சுமாரான இணைப்பே அதைக் கொடுத்துவிடும். வீட்டில் சண்டை வருவது வேகம் குறைவதால் அல்ல, ஆபீஸ் வீடியோ கால் நடுவில் அறுந்துபோவதால். பெரிய எண்ணை விட, விட்டுவிட்டு வராத இணைப்புதான் முக்கியம்.

மூன்றாவது, கரண்ட் போனால் என்ன ஆகும். வெளிநாட்டு வீடியோக்களில் இதை யாரும் பேசுவதில்லை. நமக்கு இது பெரிய விஷயம்.

நான்காவது, கெட்டுப்போனால் யார் வந்து சரிசெய்வார். உங்கள் ஊர் எலக்ட்ரீஷியனுக்கும் கேபிள் டிவி பையனுக்கும் கைவராத எதையும் சுவருக்குள் வைக்காமல் இருப்பது நல்லது.

ஐந்தாவது ஆயுள். சுவருக்குள் போவது இருபது வருடமாவது உழைக்க வேண்டும். அலமாரி மேல் உட்கார்ந்திருப்பது ஐந்து வருடம் வந்தால் போதும்.

## மெஷ் வைஃபை மட்டும்

மெஷ் என்பது தங்களுக்குள் பேசிக்கொள்ளும் இரண்டு மூன்று வைஃபை பெட்டிகள். முதல் பெட்டி ஃபைபர் மோடத்துக்குப் பக்கத்தில் இருக்கும். மாடியில் இருப்பது அதனிடமிருந்து காற்று வழியாகச் சிக்னலை வாங்கி, மறுபடி உங்கள் போனுக்குக் கொடுக்கும். சுவரை உடைக்க வேண்டாம், தூசி இல்லை, ஒரு மாலையில் வேலை முடிந்துவிடும்.

இரண்டு பேண்ட் (அலைவரிசை) மட்டும் உள்ள மலிவு மாடல்களில் வாங்குவதும் கொடுப்பதும் ஒரே 5 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ. அதனால் இரண்டாவது பெட்டியில் கிடைப்பது ஏறக்குறைய பாதி வேகம். ட்ரை-பேண்ட் மாடலில் பெட்டிகள் பேசிக்கொள்ளத் தனி ரேடியோ இருக்கும். விலையும் அதற்கேற்ப ஏறும். ஆனால் எந்த மாடலாக இருந்தாலும் 5 கிகாஹெர்ட்ஸ் அலைக்குச் செங்கல் சுவரே கஷ்டம். கம்பி கட்டிய கான்கிரீட் தளம் அதைவிடக் கஷ்டம். போதாததற்கு நம் வீட்டு இரும்பு பீரோ. ரவுட்டருக்கும் படுக்கையறைக்கும் நடுவே ஒரு பீரோ நின்றால் சிக்னல் அங்கேயே திரும்பிவிடும். இன்டர்நெட் கம்பெனியைத் திட்டுவதற்கு முன் பீரோ எங்கே நிற்கிறது என்று ஒருமுறை பாருங்கள்.

வெளியே தெரியாத செலவு இரண்டு. ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு பிளக் பாயிண்ட் வேண்டும், அது இன்வெர்ட்டர் லைனில் இருக்க வேண்டும். மாடிப்படி ஓரத்தில் இருக்கும் நடுப்பெட்டி ஈபி லைனில் மட்டும் இருந்தால், கரண்ட் போன நொடியில் மாடி முழுக்க இன்டர்நெட்டும் போய்விடும். இன்னொன்று, வைஃபை தலைமுறை வேகமாக மாறுகிறது. வைஃபை 4 தரம் 2009-இல் வந்தது, 5 வந்தது 2013-இல், 6 தரம் 2021-இல், 7 வந்தது 2024-இல். பழைய பெட்டி ஓடாது என்றில்லை. ஆனால் சில வருடங்களுக்கு ஒருமுறை மாற்றத் தோன்றும், மாற்றினால் முழு செட்டும் மாற்ற வேண்டிவரும்.

எப்போது இதுவே சரி? வாடகை வீடு என்றால் யோசிக்கவே வேண்டாம், மெஷ்தான். எண்ணூறு சதுர அடி ஃபிளாட்டில் நடுவில் வைத்த ஒரே நல்ல ரவுட்டர் போதும், மெஷ்கூட வேண்டாம். சுவரைத் தொடாத புதுப்பிப்பு, அதாவது பெயிண்டும் சமையலறை அலமாரியும் மட்டும் என்றாலும் இதுவே வழி.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மெஷ்ஷும் வயரும் எதிரெதிர்க் கட்சி அல்ல. லேன் போர்ட் உள்ள மெஷ் பெட்டிகளுக்கு நடுவே ஒரு கேபிள் போட்டுவிட்டால் பாதி வேகப் பிரச்சினை போயே போய்விடும். வயர் போட்ட வீட்டிலும் போனுக்கு வைஃபை வேண்டும்தானே. சிக்னல் ஒரு தளத்திலிருந்து இன்னொரு தளத்துக்கு எப்படிப் போகிறது என்பதில்தான் வித்தியாசம்.

## சுவருக்குள் கேட் 6

செம்பு கேபிளின் பெரிய பலம், அது சீக்கிரம் பழசாவதில்லை. 1999-இல் வந்த கிகாபிட் (1000 எம்பிபிஎஸ், அதாவது 1 ஜிபிபிஎஸ்) தரம் அப்போதிருந்த கேட் 5 கேபிளில் ஓடும்படி எழுதப்பட்டது. 2016-இல் வந்த புதுத் தரம், ஏற்கெனவே சுவருக்குள் கிடக்கும் கேட் 5ஈ கேபிளிலேயே 2.5 ஜிபிபிஎஸ் வரை 100 மீட்டர் தூரத்துக்குக் கொண்டுபோகிறது. கேபிளைத் தொடாமல், இரண்டு முனையிலும் இருக்கும் கருவியை மட்டும் மாற்றினால் வேகம் கூடுகிறது. வைஃபைக்கு இந்தப் பாக்கியம் இல்லை.

எந்தக் கேட் என்பதில் மச்சினர் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். 10 ஜிபிபிஎஸ் வேகத்தைக் கேட் 6ஏ 100 மீட்டர் வரை கொண்டுபோகும். சாதாரண கேட் 6 அதே வேகத்தை 55 மீட்டர் வரை கொண்டுபோகும். வாசலிலிருந்து பின்பக்க மாடி அறைக்குச் சுற்றிச் சுற்றிப் போனாலும் சாதாரண வீட்டில் நாற்பது மீட்டரைத் தாண்டுவது அபூர்வம். கேட் 6ஏ தடிமனாகவும் விறைப்பாகவும் இருக்கும், ஸ்விட்ச் போர்டு பாக்ஸுக்குள் மடங்காது, இழுக்கிறவர் கை நோக இழுத்துவிட்டு உள்ளே எங்கோ நசுக்கி வைப்பார். நசுங்கிய 6ஏ-வை விட ஒழுங்காகப் போட்ட 6 மேல். கேட் 7, கேட் 8 என்று கடையில் காட்டுவதை வீட்டுக்குத் தேடிப் போக வேண்டாம். அவை ஷீல்டு, அதாவது உள்ளே உலோக உறை, உள்ள கேபிள்கள். ஷீல்டை முறையாக எர்த் செய்யாவிட்டால் அதற்குக் கொடுத்த காசு வீண்.

பார்க்க வேண்டியது வேறொன்று: கேபிளுக்குள் இருப்பது முழுச் செம்பா, அல்லது அலுமினியத்தின் மேல் செம்புப் பூச்சா. சிசிஏ என்று சொல்வார்கள். பெட்டியின் மேல் கேட் 6 என்றுதான் எழுதியிருக்கும், விலை சந்தேகப்படும் அளவுக்குக் குறைவாக இருக்கும், எடையும் குறைவாக இருக்கும். ஒரு கம்பியை எடுத்து பிளேடால் சுரண்டுங்கள். செம்பு நிறத்துக்கு அடியில் வெள்ளி நிறம் தெரிந்தால் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அலுமினியம் செம்பைவிட மின்சாரத்துக்கு அதிகம் தடை கொடுக்கும், ஜாக்கில் அடிக்கும்போது ஒடியும். கேமராவுக்கு அதே கேபிள் வழியாக மின்சாரமும் அனுப்பினால் கேபிள் சூடாகும்.

அப்படி மின்சாரம் அனுப்புவதற்குப் பெயர் பிஓஇ. வயர் போடுவதற்கு வேகத்தைவிட இதுதான் நல்ல காரணம் என்பேன். சீலிங்கில் மாட்டும் வைஃபை பெட்டிக்கும் வாசல் கேமராவுக்கும் பக்கத்தில் பிளக் பாயிண்ட் தேவையில்லை. ஒரே கேபிளில் டேட்டாவும் கரண்டும் போகும். 2003-இல் வந்த முதல் தரத்திலேயே ஒரு போர்ட் 15.4 வாட் வரை கொடுக்கும், 2009 தரத்தில் 30 வாட். ஸ்விட்சையும் மோடத்தையும் மட்டும் இன்வெர்ட்டர் லைனில் வைத்தால், கரண்ட் போனாலும் வீடு முழுக்க வைஃபையும் கேமராவும் நிற்காது. மெஷ்ஷில் ஒவ்வொரு பெட்டிக்கும் செய்ய வேண்டியதை இங்கே ஓரிடத்தில் செய்துவிடலாம்.

இனி செலவு. கேபிள் விலை மொத்தத்தில் சின்னப் பங்குதான். காடி வெட்டுவது, பைப், பாக்ஸ், ஜாக், பிளேட், முனைகளை அடிக்கும் கூலி, கடைசியில் ஒரு ஸ்விட்ச், அதை வைக்க ஒரு இடம் என்று வரிசையாக வரும். காடி வெட்டிய இடத்தில் கோழி வலை வைத்துப் பூசாவிட்டால் அடுத்த வெயில் காலத்தில் பைப் போன பாதை முழுக்க மயிரிழை விரிசல் ஓடும். அந்தப் பூச்சு வேலையும் கணக்கில் சேரும். தூண், பீம் பக்கம் வெட்டவே கூடாது. சுவரில் படுக்கை வசத்தில் நீளமாக வெட்டுவதையும் முடிந்தவரை தவிருங்கள். சுமை தாங்கும் சுவரானால் கட்டாயம் தவிர்க்க வேண்டும்.

முனை அடிப்பதில்தான் நல்ல கேபிளும் வீணாகும். உள்ளே எட்டுக் கம்பிகள், இரண்டிரண்டாக முறுக்கியவை. அந்த முறுக்கை அரை அங்குலத்துக்கு மேல் பிரிக்கக் கூடாது. பார்க்க அழகாக வரட்டும் என்று சிலர் இரண்டு அங்குலம் பிரித்து நேராக்கி அடிப்பார்கள். அது அழகுக்கு ஆகும், வேகத்துக்கு ஆகாது. சுவரில் வரும் முனையில் நேரடியாகப் பிளக்கை நசுக்கிப் பொருத்தாமல் (கிரிம்ப்) ஆர்ஜே45 ஜாக், அதாவது லேன் பிளக் செருகும் சாக்கெட், வைத்து அடிக்கச் சொல்லுங்கள். மாடுலர் பிளேட்டிலேயே பொருந்தும் ஜாக் எல்லா எலக்ட்ரிக்கல் கடையிலும் கிடைக்கிறது. அப்புறம், "லைட் எரியுது சார், ஓகே" என்பதோடு அனுப்பிவிடாதீர்கள். எட்டில் நான்கு கம்பி சரியாக இருந்தாலே லைட் எரியும், இன்டர்நெட்டும் வரும், ஆனால் 100 எம்பிபிஎஸ்ஸோடு நின்றுவிடும். லேப்டாப்பைச் செருகி, இணைப்பு வேகம் 1000 என்று காட்டுகிறதா என்று ஒவ்வொரு பாயிண்டிலும் பார்த்த பிறகு பணத்தைக் கொடுங்கள். ஜாக்கில் ஏ, பி என்று இரண்டு நிற வரிசை அச்சடித்திருக்கும். எதுவானாலும் சரி, இரு முனையிலும் ஒன்றாக இருக்க வேண்டும்.

டிவியைப் பற்றி ஒரு வார்த்தை. பல ஸ்மார்ட் டிவிகளில் உள்ள லேன் போர்ட்டே 100 எம்பிபிஎஸ்தான். வயர் போட்டும் வேகச் சோதனை செயலியில் வைஃபையை விடக் குறைவாகக் காட்டுகிறதே என்று பதற வேண்டாம். படம் தடங்காமல் ஓட அது தாராளம்.

எப்போது இது சரி? சுவர் எப்படியும் வெட்டப்படுகிறது, சொந்த வீடு, இரண்டு தளம், வீட்டிலிருந்து ஆபீஸ் வேலை பார்ப்பவர் ஒருவராவது இருக்கிறார், கேமரா வைக்கும் எண்ணமும் இருக்கிறது என்றால் இதுதான்.

## பைப் மட்டும், கேபிள் பிறகு

என் ஓட்டு பெரும்பாலும் இதற்குத்தான் விழும், முழுதாக இல்லாவிட்டாலும். சுவர் திறந்திருக்கும்போது வாங்கி வைக்க வேண்டியது கேபிளை அல்ல, பாதையை. பாதை இருந்தால் இன்றைக்குக் கேட் 6, பத்து வருடம் கழித்து ஃபைபர், நடுவில் எலி கடித்தால் புதுக் கேபிள் என்று எதையும் இழுக்கலாம். பைப் இல்லாமல் நேரடியாகப் பூச்சுக்குள் புதைத்த கேபிள் ஒருமுறை போனால் போனதுதான்.

செலவு குறைவு, ஆனால் வேலை சுத்தமாக இருக்க வேண்டும். பைப் 25 மில்லிமீட்டர் போடுங்கள். எலக்ட்ரீஷியன் கையிருப்பில் இருக்கும் 20 மில்லிமீட்டரில் இரண்டு கேட் 6 போவதே மல்லுக்கட்டு. 25-இல் மூன்று நான்கு தாராளமாகப் போகும். மூலையில் எல்போ வேண்டாம், வளைந்து திரும்பும் பெண்ட் வேண்டும். எல்போவில் கரண்ட் வயர் எப்படியோ திரும்பிவிடும், நெட்வொர்க் கேபிள் திரும்பாது. தன் தடிமனைப் போல நான்கு மடங்காவது ஆரம் இல்லாத வளைவு அதற்கு ஆகாது. இரண்டு பெண்டுக்கு ஒரு பாக்ஸ் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். கரண்ட் பைப்பிலிருந்து அரை அடி முதல் ஒரு அடி தள்ளிப் போகட்டும்; குறுக்கே தாண்டியே ஆக வேண்டுமென்றால் நேர்க்குத்தாகத் தாண்டட்டும்.

வெறும் பைப்பின் எமன் சிமென்ட் பால். பூசும்போது திறந்த வாய் வழியாக உள்ளே இறங்கி, பெண்டில் தேங்கி, கல்லாகிவிடும். இரண்டு வருடம் கழித்து வயர் இழுக்கும் ஸ்பிரிங்கை விட்டுப் பார்க்கும்போதுதான் பாதி வழியில் முட்டுவது தெரியும். பைப் போட்ட அன்றே இரண்டு வாயையும் வேஸ்ட் துணி வைத்து அடைத்து மேலே டேப் சுற்ற வேண்டும். பூச்சு காய்ந்ததும், பட்டி பார்ப்பதற்கு முன், ஒவ்வொரு பைப்பிலும் நைலான் கயிறு ஒன்றைக் கோத்து இரு முனையிலும் முடிச்சுப் போட்டு விடுங்கள். கயிறு போனால் பாதை திறந்திருக்கிறது என்று அர்த்தம். போகவில்லை என்றால் இன்னும் பட்டி பார்க்கவில்லை, உடைத்துச் சரிசெய்துவிடலாம்.

இன்னொரு பைப்பை நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள்: வெளியிலிருந்து உள்ளே வருவது. ஃபைபர் கம்பெனி ஆள் வந்தால் ஜன்னல் சட்டத்தில் துளை போட்டு, ஹாலில் டிவிக்குப் பக்கத்தில் மோடத்தை மாட்டிவிட்டுப் போய்விடுவார். அவருக்கு அதுதான் பக்கம். மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரிலிருந்தோ கம்பம் இருக்கும் பக்கத்துச் சுவரிலிருந்தோ, நீங்கள் ஸ்விட்ச் வைக்கப்போகும் இடம் வரை ஒரு வெற்றுப் பைப் போட்டு வையுங்கள். வெளிவாய் கீழ்நோக்கி வளைந்திருக்கட்டும், மழைத் தண்ணீர் இறங்காது. கம்பெனி மாற்றும் ஒவ்வொரு முறையும் புதுத் துளை விழாது. மாடியை வாடகைக்கு விடும் எண்ணம் இருந்தால் மாடிக்கென்று தனியாக இன்னொன்று.

மறைந்த செலவு, பிறகு கேபிள் இழுக்கும் நாளில் ஆளைத் தேடுவது. சின்ன வேலை என்பதால் எலக்ட்ரீஷியன் "அடுத்த வாரம் வரேன்" என்றே மாதங்களை ஓட்டுவார். அதனால் இன்றைக்கே தேவை தெரிந்த பாயிண்டுகளுக்குக் கேபிளையும் இழுத்துவிடுங்கள். பிறகு வேண்டுமா என்று தெரியாத அறைகளுக்குப் பைப்பும் கயிறும் போதும்.

## வீட்டுக்குள் ஃபைபர்

கேட்கப் பெரிதாக இருக்கும். உள்ளே ஒளி மட்டும் போகும் கண்ணாடி இழை. வேகத்துக்கு உச்சவரம்பு பற்றி வீட்டளவில் கவலையே இல்லை. ஆனால் அதில் கரண்ட் போகாது, அதாவது பிஓஇ கிடையாது. ஒவ்வொரு முனையிலும் ஃபைபரைச் செம்புக்கு மாற்றும் கருவி ஒன்றும் அதற்குப் பிளக் பாயிண்ட் ஒன்றும் வேண்டும். அறுந்தால் ஒட்ட ஸ்பிளைசிங் மெஷின் உள்ள ஆள் வர வேண்டும்.

அறைக்கு அறை இது தேவையில்லை. ஒரே ஒரு சூழலில் மட்டும் செம்பை விட இதுதான் சரி: இரண்டு கட்டடங்களுக்கு நடுவே. பின்னால் அவுட்ஹவுஸ், தோட்டத்தில் மோட்டார் ரூம், பக்கத்து மனையில் அண்ணன் வீடு என்று திறந்த வெளியைக் கடக்கும் செம்பு கேபிள், கோடை மழை இடியில் மின்னல் அதிர்ச்சியை வீட்டுக்குள் அழைத்து வரும். பக்கத்தில் எங்கோ விழுந்த இடிக்கு இங்கே ஸ்விட்சில் இரண்டு போர்ட் செத்துக் கிடக்கும். ஃபைபர் மின்சாரத்தைக் கடத்தாது, அந்தப் பயம் இல்லை. உள்ளே உலோகக் கம்பி இல்லாத வகையாகப் பார்த்து வாங்க வேண்டும், அவ்வளவுதான்.

## ஏற்கெனவே இருக்கும் வயரையே பயன்படுத்துவது

இதில் மூன்று உண்டு.

கரண்ட் வயரிலேயே இன்டர்நெட் அனுப்பும் பவர்லைன் அடாப்டர் ஆன்லைனில் கிடைக்கிறது. நம் வீடுகளில் இதற்கு நல்ல நேரம் இல்லை. மூன்று பேஸ் இணைப்புள்ள வீட்டில் கீழ்த்தளம் ஒரு பேஸ், மாடி வேறு பேஸ் என்று இருந்தால் சிக்னல் தாண்டத் தடுமாறும். ஒரு பேஸ் போனதும் சேஞ்ச்ஓவர் ஸ்விட்சைத் திருப்புகிறோம், கணக்கு மறுபடி மாறும். ஒரு முனை இன்வெர்ட்டர் லைனிலும் மறுமுனை ஈபி லைனிலும் இருந்தால் கேட்கவே வேண்டாம். ஸ்பைக் கார்டில் செருகினால் அது சிக்னலை வடிகட்டிவிடும். மிக்ஸி ஓடும்போது வேகம் விழுவதும் உண்டு. வயரிங்கையே மாற்றிக்கொண்டிருக்கும் வீட்டில் இதை யோசிக்கவே வேண்டாம்.

டிவி கேபிள் வழியாக அனுப்பும் மோக்கா முறை அமெரிக்காவில் பிரபலம். நம் ஊரில் அடாப்டர் கிடைப்பதே கடினம். அந்தக் கேபிளில் டிடிஎச் ஓடிக்கொண்டிருந்தால் இரண்டும் ஒரே அலைவரிசைப் பகுதியில் மோதிக்கொள்ளும்.

மூன்றாவது உருப்படியானது: பழைய தொலைபேசிப் பைப். லேண்ட்லைன் காலத்தில் கட்டிய வீடுகளில் ஹாலிலிருந்து படுக்கையறைக்கு ஒரு மெல்லிய பைப் போயிருக்கும். உள்ளே யாரும் தொடாத போன் வயர் கிடக்கும். அந்த வயரின் நுனியில் கேட் 6-ஐக் கட்டி, ஒருவர் தள்ள ஒருவர் இழுத்தால் பல வீடுகளில் வந்துவிடும். வரவில்லை என்றால் விட்டுவிடுங்கள். பலமாக இழுத்தால் கேபிளின் முறுக்கு நீண்டு கெடும். காடி வெட்டச் சொல்வதற்கு முன் இந்தப் பைப்பைத் தேடிப் பார்ப்பது நல்லது.

## ஒரே பார்வையில்

| வழி | சுவர் திறந்திருக்கும்போதே செய்ய வேண்டுமா | வேகம், நிலைத்தன்மை | கரண்ட் போனால் | மறைந்த செலவு | யாருக்கு |
|---|---|---|---|---|---|
| மெஷ் மட்டும் | வேண்டாம் | சுவரையும் தளத்தையும் பொறுத்தது | ஒவ்வொரு பெட்டிக்கும் இன்வெர்ட்டர் லைன் வேண்டும் | சில வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவது | வாடகை வீடு, சுவரைத் தொடாத வேலை |
| கேட் 6 | ஆம் | 1 ஜிபிபிஎஸ் உறுதி, 10 வரை இடம் உண்டு | ஸ்விட்சும் மோடமும் இன்வெர்ட்டரில் இருந்தால் போதும் | பூச்சு, ஜாக், ஸ்விட்ச், நல்ல ஆள் | சொந்த வீடு, வீட்டிலிருந்து வேலை, கேமரா |
| பைப்பும் கயிறும் | ஆம் | பிறகு இழுப்பதைப் பொறுத்தது | பொருந்தாது | அடைப்பு, பிறகு ஆள் தேடுவது | எல்லாச் சொந்த வீட்டுக்கும் |
| ஃபைபர் | பைப் இருந்தால் பிறகும் ஆகும் | மிக அதிகம் | இரு முனையிலும் கரண்ட் வேண்டும் | மாற்றுக் கருவிகள், ஸ்பிளைசிங் | இரண்டு கட்டடங்களுக்கு நடுவே |
| பவர்லைன் | வேண்டாம் | நம்ப முடியாது | ஈபி லைனில் இருந்தால் நின்றுவிடும் | வாங்கிச் சோதித்துத்தான் தெரியும் | வேறு வழியே இல்லாதவர்களுக்கு |

## எந்த வீட்டுக்கு எது

இரண்டு தள வீடு, வயரிங் முழுதும் மாறுகிறது: முக்கியமான எல்லா அறைக்கும் 25 மில்லிமீட்டர் பைப். கேபிள் இழுப்பது டிவி சுவருக்கு இரண்டு, ஆபீஸ் மேசைக்கு ஒன்று, ஒவ்வொரு தளத்திலும் நடு சீலிங்குக்கோ சுவர் உச்சிக்கோ வைஃபை பெட்டிக்கு ஒன்று, வாசல் கேமராவுக்கு ஒன்று. மற்ற அறைகளில் கயிறு மட்டும்.

காசு இறுக்கமாக இருக்கிறது, ஒரே ஒரு கேபிள்தான் முடியும் என்றால்: மோடம் இருக்கும் இடத்திலிருந்து மாடி நடுப்பகுதிக்கு. கான்கிரீட் தளத்தைத் தாண்டிவிட்டால் மீதியை வைஃபை பார்த்துக்கொள்ளும்.

புது அடுக்குமாடிகளில் மைவான் முறையில் கட்டியவை நிறைய வருகின்றன. அங்கே சுவர்களே கான்கிரீட். காடி வெட்ட அனுமதி இருக்காது, வெட்டவும் கூடாது. வைஃபையும் அந்தச் சுவரில் திணறும். ஆகவே பில்டர் போட்டு வைத்திருக்கும் டிவி, போன் பைப்புகளைத் தேடி அவற்றில் கேட் 6 இழுப்பது முதல் வழி. ஃபால்ஸ் சீலிங் போடுகிறீர்கள் என்றால் அதற்கு மேலேயே பைப்பை ஓட்டிவிடலாம். சீலிங் ஆள் வருவதற்கு முந்தைய நாள் அந்த வேலை முடிந்திருக்க வேண்டும்.

ஓட்டு வீடு, தடித்த சுண்ணாம்புச் சுவர் உள்ள பழைய வீடு: சுவரை வெட்டிக் காயப்படுத்த வேண்டாம். உத்தரத்தை ஒட்டி கேசிங் கேப்பிங் (சுவர் மேல் ஓடும் மூடி போட்ட பட்டை) ஓட்டி, சுவர் நிறத்திலேயே பெயிண்ட் அடித்தால் கண்ணுக்குத் தெரியாது. கெட்டால் மூடியைத் திறந்து பார்க்கலாம் என்பது கூடுதல் வசதி.

ஸ்விட்சும் மோடமும் வைக்கும் இடத்துக்கு மொட்டை மாடிப் படிக்கட்டு அறையைத் தேர்ந்தெடுக்காதீர்கள். சித்திரை வெயிலில் அங்கே மனிதனே நிற்க முடியாது. படிக்கட்டுக்குக் கீழே, அல்லது இன்வெர்ட்டர் இருக்கும் பக்கம் காற்று போகும் ஒரு தட்டு போதும். பேட்டரிக்கு நேர் மேலே மட்டும் வேண்டாம், அதிலிருந்து வரும் ஆவி உலோகத்தை அரிக்கும். அந்த இடத்தில் இரண்டு பிளக் பாயிண்டாவது இன்வெர்ட்டர் லைனில் வேண்டும். கரண்ட் போய் இன்வெர்ட்டருக்கு மாறும் அந்தக் கணத்தில் மோடம் அணைந்து எழுந்தால், இன்வெர்ட்டரில் உள்ள மோடு ஸ்விட்சை யூபிஎஸ் பக்கம் தள்ளிப் பாருங்கள். அப்போதும் அணைந்தால் மோடத்துக்கென்று 12 வோல்ட் மினி யூபிஎஸ் ஒன்று வாங்கி வையுங்கள்.

## எலக்ட்ரீஷியனிடம் பேசும்போது

"இன்டர்நெட் பாயிண்டுக்கு எவ்வளவு?" என்று மட்டும் கேட்டால் ஒரு தொகை சொல்வார், அதில் ஜாக் உண்டா, முனை அடிப்பது உண்டா, டெஸ்ட் உண்டா என்பது தெரியாது. "அண்ணே, பைப், பாக்ஸ், கேபிள் இழுப்பு, ஜாக் அடிக்கிறது எல்லாம் சேத்து பாயிண்டுக்கு எவ்வளவு? ஜாக் அடிக்க உங்களுக்குப் பழக்கம் உண்டா, இல்ல கேமரா போடுற ஆளை வெச்சுக்கட்டுமா?" என்று கேளுங்கள். பெரும்பாலும் இரண்டாவது பதில்தான் வரும், அது நல்லதே. பைப் வேலை எலக்ட்ரீஷியன் செய்யட்டும், முனை வேலை சிசிடிவி ஆள் செய்யட்டும். கேபிளை நீங்களே வாங்கிக் கொடுங்கள்.

வரிசை இப்படிப் போகட்டும்: கரண்ட் பைப் போடும்போதே இதற்கும் பைப், பிறகு பூச்சு, அது காய்ந்ததும் கயிறு, பட்டி பார்த்து முதல் கோட் பெயிண்ட் முடிந்ததும் கேபிள், கடைசி கோட்டுக்குப் பின் ஜாக்கும் பிளேட்டும். அவசரப்பட்டு முதலிலேயே ஜாக் மாட்டினால் உள்ளே பெயிண்ட் போய் ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொரு முனையிலும் ஒன்றரை அடி கேபிளை மிச்சம் விடச் சொல்லுங்கள், ஜாக் தவறாக அடித்தால் வெட்டி மறுபடி அடிக்க இடம் வேண்டும். ஸ்விட்ச் பக்கத்து முனைகளில் எந்தக் கேபிள் எந்த அறை என்று மார்க்கரில் எழுதி, மேலே செலோடேப் ஒட்டிவிடுங்கள்.

பூசுவதற்கு முந்தைய மாலை, வேலையாட்கள் போன பிறகு, ஒவ்வொரு சுவரையும் போட்டோ எடுங்கள். தரையிலிருந்து எவ்வளவு உயரம், மூலையிலிருந்து எவ்வளவு தூரம் என்று தெரிய டேப்பை விரித்துப் பிடித்துக்கொண்டு எடுக்க வேண்டும். அந்தப் படங்களை வீட்டில் இருவர் போனிலாவது வைத்து, ஒரு பிரதியை அச்செடுத்து டிபி பாக்ஸ் (வீட்டு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) கதவின் உட்பக்கம் ஒட்டிவிடுங்கள். பிறகு கீசர் மாட்டவும் படம் மாட்டவும் டிரில்லோடு வருகிறவர் முதலில் அதைப் பார்க்கட்டும்.